முனிரத்தினம் அண்ணனின் டோக்கன் பலகை

காலை ரயில் பங்காருப்பேட்டையில் நின்றிருந்தபோது பக்கத்து வீட்டு சரோஜாக்கா போன் செய்தார். "முனிரத்தினம் அண்ணன் போய்ட்டாரும்மா. காபி குடிச்சிட்டு நாற்காலில உக்காந்தாரு, அப்படியே..." என்று சொல்லி நிறுத்திக்கொண்டார். பெங்களூரு ஆபீசுக்கு லீவு சொல்லிவிட்டு அடுத்த வண்டியில் மாரிகுப்பம் திரும்பினேன். வழியில் நான் அழவில்லை. எண்பதை நெருங்கிய வயது, படுக்கையில் கிடக்கவில்லை, கடைசி வாய் காபியும் அவருக்குப் பிடித்தபடி சர்க்கரை தூக்கலாக. இப்படிப் போக யாருக்குத்தான் கொடுத்து வைக்கும்?

அவரை நாங்கள் எல்லோரும் டோக்கன் அண்ணன் என்றே கூப்பிட்டோம். அந்தப் பெயரை வைத்தவர்களில் நானும் ஒருத்தி. எங்கள் ஊரில் தங்கச் சுரங்கம் ஓடிய காலத்தில் அவருக்கு விளக்கு அறையில் வேலை. கீழே இறங்குகிறவர் தன் டோக்கனைக் கொடுத்துத் தலைவிளக்கை வாங்கிக்கொள்வார். மேலே வந்ததும் விளக்கைக் கொடுத்து டோக்கனைத் திரும்ப வாங்குவார். ஷிப்ட் முடிந்த பிறகும் விளக்கு அறைப் பலகையில் டோக்கன் தொங்கினால் ஒரு ஆள் இன்னும் பூமிக்கடியில் இருக்கிறார் என்று அர்த்தம். சுரங்கத்தை மூடி இத்தனை வருடமாகியும் அந்தக் கணக்கு அவர் தலையைவிட்டு இறங்கவில்லை.

சுரங்கத் தொழிலாளருக்காக வரிசையாகக் கட்டிய எங்கள் லைன் வீடுகள், தங்கம் பிரித்தபின் கொட்டிய சயனைடு மண்மேட்டுக்கும் ஓடைக்கும் நடுவே பள்ளத்தில் இருக்கின்றன. பெருமழை பிடித்தால் கொஞ்ச நேரத்தில் மண்மேட்டுச் சேறும் ஓடைத் தண்ணீரும் சேர்ந்து வாசலுக்கு வந்துவிடும். போனில் மழை எச்சரிக்கை வரும். படிப்போம், தள்ளிவிடுவோம், சீரியல் பார்ப்போம். அண்ணன் மட்டும்தான் அதைப் படித்துவிட்டு வாசலில் வந்து நின்று வானத்தைப் பார்ப்பார்.

ஒரு வருடம் வெள்ளம் இரண்டு ஆடுகளை அடித்துக்கொண்டு போனது. அதற்கப்புறம் அவர் பெயின்ட் டப்பா மூடிகளைச் சேர்த்து, லைனில் ஆளுக்கு ஒன்றாகப் பெயர் எழுதிக் கொடுத்தார். உயரமான இடத்தில் இருக்கும் பள்ளிக்கூட வராந்தாவில், ஆளுக்கொரு ஆணியடித்த பலகை ஒன்றை மாட்டினார். மணிக்குப் பதிலாகத் தொங்கவிட்ட தண்டவாளத் துண்டைத் தட்டினால் எல்லோரும் மேடேறி அவரவர் டோக்கனை மாட்ட வேண்டும். சுரங்கத்துக் கணக்குக்கு இது தலைகீழ். இங்கே காலியாக இருக்கும் ஆணிதான் கீழே மாட்டிக்கொண்ட ஆள்.

முதல் ஒத்திகையை நல்ல வெயிலில் வைத்தார். அடுப்பில் குழம்பை விட்டுவிட்டு வந்த கோபத்தில், "இன்னாண்ணா, தெரு நாய்க்கு டோக்கன் இல்லியா?" என்று கேட்டேன். மறுநாள் நாயின் கழுத்தில் ஒரு மூடி தொங்கியது. "அதுங்கூட ஒழுங்கா வருது. நீதான் லேட்டு" என்றார். லைனே சிரித்தது, நானும் சிரித்தேன்.

உண்மையான வெள்ளம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வந்தது. தண்டவாளச் சத்தம் கேட்டதும் நான் கிளம்பினேன். சரோஜாக்கா வாசலில் நின்று தன் டோக்கனை என் கையில் திணித்தார். "இதையும் மாட்டிடும்மா. ரேஷன் கார்ட எடுத்துக்கினு பின்னாலயே வரேன்." தனியாக இருப்பவர், அவசரத்தில் கேட்கிறார், இந்த உதவிகூடச் செய்யாமல் எப்படி? இரண்டையும் மாட்டினேன். பலகை நிறைந்தது. எல்லோரும் வந்தாயிற்று என்று பள்ளிக்கூட அடுப்பில் டீகூட வைத்துவிட்டார்கள்.

அண்ணன் பலகையைப் பார்த்தார். பிறகு எங்கள் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

"சரோஜா எங்க கீறா?"

"நான்தாண்ணா மாட்டினேன்" என்று சொல்லி முடிப்பதற்குள் அவர் கடப்பாரையோடு படியிறங்கிவிட்டார். என் வீட்டுக்காரர் பின்னாலேயே ஓடினார். சரோஜாக்காவின் கதவைச் சேறு அடைத்திருந்தது. உள்ளே இடுப்பளவு தண்ணீரில் ஜன்னலைப் பிடித்துக்கொண்டு கத்திக்கொண்டிருந்தாராம். ஜன்னல் கம்பியைப் பெயர்த்து வெளியே இழுத்தார்கள். அவரை மேடேற்றும்வரை என் உயிர் என்னிடம் இல்லை.

அண்ணன் என்னைத் திட்டவில்லை. டீ டம்ளரோடு பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "டோக்கன் வந்துட்ச்சி, ஆள் வர்லியே. அப்புறம் பலகை இன்னாத்துக்கு?" என்றார். பிறகு சுரங்கத்தில் நடந்ததை அவரே சொன்னார். "ஒருநாள் ஒருத்தன், 'பின்னாலயே வரான்'னு சொல்லி, சிநேகிதன் விளக்கையும் சேத்துக் குடுத்தான். நானும் பாவம்னு ரெண்டு டோக்கனையும் குடுத்துட்டேன். பலகை காலி, எல்லாரும் மேல வந்துட்ட கணக்கு. சிநேகிதன் கால் ஒடிஞ்சி கீழ கெடக்குறான். யாரும் தேடல. அடுத்த ஷிப்ட்டுல போனவங்கதான் பாத்தாங்க. பொழச்சிக்கினான். நான்தான் இன்னும் ஆளுங்கள எண்ணிக்கினு கீறேன்."

ஊரே கேலி செய்த பழக்கத்துக்குள் இவ்வளவு இருந்ததா என்று எனக்கு வெட்கமாகிவிட்டது. மறுநாள் பலகையின் அடியில் அவரே எழுதினார்: அடுத்தவர் டோக்கனை மாட்டக் கூடாது. எழுதும்போது என்னைப் பார்த்துக் கண்ணடிக்கவும் மறக்கவில்லை.

அண்ணனின் காரியம் முடிந்த அன்று அண்ணி அவருடைய டோக்கனை என்னிடம் கொடுத்தார். "நீ வெச்சிக்கோ. உன்னப் பத்திதான் அடிக்கடி சொல்லிச் சிரிப்பாரு" என்றார். பச்சைப் பெயின்ட் மூடி, ஓரத்தில் துரு.

போன வாரம் மழை வலுத்தது. இந்த முறை தண்டவாளத்தைத் தட்டியது சரோஜாக்கா. எல்லோரும் ஏறினோம், அவரவர் டோக்கனை மாட்டினோம். நாயும் வந்தது. பலகையில் ஒரே ஒரு ஆணி காலி. சரோஜாக்கா அதைப் பார்த்தார். "யாரோ ஒருத்தர் வர்லியே" என்று பதறிப் படிவரைக்கும் போய்விட்டு, அங்கேயே நின்று முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். ரயிலில் வராத அழுகை எனக்கு அப்போதுதான் வந்தது.

அண்ணனின் டோக்கன் என் கைப்பையில்தான் இருந்தது. எடுத்து அந்த ஆணிவரை கையை உயர்த்தினேன். பலகையின் அடியில் அவர் கையெழுத்து. டோக்கனைத் திரும்பப் பைக்குள் போட்டுவிட்டு, அங்கே நின்ற முகங்களை ஒவ்வொன்றாக எண்ண ஆரம்பித்தேன்.