மூலைக் கண்ணாடி அறைக்குக் கதவு எந்தப் பக்கம்?

1. ரவுண்டு பீஸ்

அந்தத் தம்பதி எங்கள் ஷோரூமுக்குள் நுழையும்போதே சண்டை பாதி நடந்து முடிந்திருந்தது.

“தரை ஈரமா இருந்தா வழுக்கும். கண்ணாடி போட்டா தண்ணி வெளிய வராது. அதுக்குத்தான் சொல்லுதேன்,” என்றார் கணவர் பிரபாகர்.

“போடுங்க. ஆனா உள்ள நான் மட்டும்தான் போவேன்,” என்றார் மனைவி தேன்மொழி.

சென்னீர்குப்பத்தில் நெடுஞ்சாலையை ஒட்டியது எங்கள் சானிட்டரிவேர் ஷோரூம். வீட்டுக்குப் போய் அளவு எடுப்பதும், எது பொருந்தும் என்று சொல்வதும் என் வேலை. பாத்ரூமில் குளிக்கிற மூலையை மட்டும் கண்ணாடியால் தடுப்பதை ஷவர் கியூபிக்கிள் என்போம். இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்ல நினைப்பது இந்த ஒரு ஆர்டரைப் பற்றித்தான்.

இருவரும் திருநெல்வேலிப் பக்கம். ஐடி வேலை, ஐயப்பன்தாங்கலில் ஃபிளாட். ஸ்கூட்டர் விபத்தில் தேன்மொழியின் இடது காலில் ராடு வைத்திருந்தார்கள். முட்டி சரியாக மடங்காது. கையில் ஊன்றுகோல்.

“ஆஸ்பத்திரியில இருந்து வந்த நாள்ல இருந்து நான் குளிக்கிறத இவர் பக்கத்துல நின்னு பார்த்துக்கிட்டே இருக்கார், மேடம். பாசந்தான். ஆனா போதும்.”

பிரபாகர் கேட்லாக்கைத் திருப்பினார். முகம் காதுவரை சிவந்திருந்தது.

எங்கள் முதலாளி என்னைத் தனியாக அழைத்தார். “அந்த ரவுண்டு கியூபிக்கிள் பீஸ் ரொம்ப நாளா விக்காம நிக்குது. மூலைக்குன்னே செஞ்சது. அதையே முடிச்சு உட்ருங்க.”

“அளவு எடுத்துட்டுச் சொல்றேன் சார்.”

“அளவெல்லாம் வரும்மா.”

“வந்தா அதையே குடுக்கறேன்.”

2. தரையில் ஒட்டிய டேப்

அளவு எடுக்கும்போது நான் சுவரைக் கீழே, நடுவே, மேலே என்று மூன்று இடத்தில் அளப்பேன். டைல்ஸ் ஒட்டிய சுவர் எதுவும் நேராக இருப்பதில்லை. அதற்குப் பிறகு கியூபிக்கிளின் உண்மையான அளவில் தரையில் மாஸ்கிங் டேப் ஒட்டி, குளிக்கப்போகிறவரை அதற்குள் நடந்துபோகச் சொல்வேன். எங்கள் ஃபிட்டர் தாமுவுக்கு இதில் நம்பிக்கை இல்லை.

“இன்னாக்கா, பாண்டி ஆடப் போறியா?” என்றான்.

“ஆமா. நீதான் முதல்ல.”

அவர்கள் ஃபிளாட்டில் ரவுண்டு பீஸின் அளவுக்கு ஒட்டிய டேப் பாத்ரூம் மூலையில் சரியாக உட்கார்ந்தது. வளைந்த இரண்டு கதவுகள் நடுவில் விலகித் திறக்கும். கதவு வெளியே வராததால் இடமும் மிச்சம். எனக்கும் அதில் குறை எதுவும் தெரியவில்லை. முதலாளி சொன்னதையே கொடுத்துவிடலாம் என்றுதான் நினைத்தேன்.

தேன்மொழி செருப்பைக் கழற்றிவிட்டு வந்தார். வாசலென்று நான் காட்டிய இடத்தில் நின்று, ஊன்றுகோலை வாஷ்பேசினில் சாய்த்தார். உள்ளே கால் வைப்பதற்கு முன் வலது கை தானாக உயர்ந்தது. அங்கே ஒன்றும் இல்லை. விரல்கள் காற்றில் நின்றன.

“இங்க எதைப் பிடிக்க?” என்றார்.

பிரபாகர் பாய்ந்து கையைக் கொடுத்தார். தேன்மொழி அதைப் பிடிக்கவில்லை.

“உங்களைப் பிடிச்சுக்கிட்டுப் போறதுக்கு எதுக்குக் கண்ணாடி?”

வாசல் நடுவில் இருந்தால் இரண்டு பக்கமும் கண்ணாடிதான். கண்ணாடியில் கைப்பிடிக் கம்பி மாட்டி ஒருவரின் முழு பாரத்தையும் தாங்கவைக்க முடியாது. சுவர்தான் தாங்கும். மூலை என்றால் இரண்டு சுவர் இருக்கிறது. அவற்றிலிருந்து விலகி நாங்கள் வாசல் வைத்திருந்தோம்.

டேப்பைப் பிய்த்தேன். இந்த முறை சதுரமாக ஒட்டி, வாசலை வலதுபக்கச் சுவரை ஒட்டி வைத்தேன். சுவரில் வெளியே ஒரு கம்பி, உள்ளே ஒரு கம்பி என்று பென்சிலால் கோடு போட்டேன். தேன்மொழி முதல் கோட்டில் கையை ஊன்றிக் காலை எடுத்து வைத்தார். இரண்டாவது கோட்டுக்குக் கை மாறியது. உள்ளே போய் நின்றார். திரும்பி, இடது கையால் சுவரைப் பிடித்தபடி வெளியே வந்தார். பிறகு யாரும் கேட்காமலே இன்னொரு முறை போய் வந்தார்.

“இதுதான்,” என்றார்.

3. வாஷ்பேசின்

தாமு தலையைச் சொறிந்தான். “கதவு வெளிய தொறந்தா பேசின்ல இடிக்கும்க்கா. உள்ள தொறக்கற மாறி வச்சிரலாமா? வேல சுளுவு.”

“கூடாது. உள்ள யாராவது கதவு மேலயே விழுந்துட்டா வெளியில இருந்து தள்ளித் திறக்க முடியாது.”

அதுவரை டைல்ஸை உடைக்கக் கூடாது என்று சொல்லிக்கொண்டிருந்த பிரபாகர் சட்டென்று என் பக்கம் திரும்பினார். “பேசினை எடுத்துருங்க. சின்னதா வேற போடுங்க. உடைக்கணும்னா உடைங்க.”

“இப்பதான் உங்களுக்குப் புத்தி வந்திருக்கு,” என்று சிரித்தார் தேன்மொழி.

முதலாளிக்கு ரவுண்டு பீஸ் போகவில்லை என்பதில் வருத்தம். “பார்ட்டி கேட்டாங்களா, நீங்க கேக்க வச்சீங்களா?” என்றார். அந்த அம்மாவால் அதற்குள் தனியாகப் போக முடியாது, முடியாத ஒன்றை என்னால் விற்க முடியாது என்றேன். முணுமுணுத்தபடியே ஆர்டரில் கையெழுத்துப் போட்டார்.

கண்ணாடி வெட்டி, சூடேற்றி உறுதியாக்கும் டஃபன் வேலையும் முடிந்து வந்தது. முதலில் இரண்டு கம்பிகளையும் மாட்டச் சொன்னேன். தாமு ஒவ்வொன்றிலும் தன் முழு எடையையும் கொடுத்துத் தொங்கிக் காட்டினான். “ஆட்டமே இல்லக்கா. என்னையே தாங்குது,” என்றான்.

கண்ணாடி ஓரங்களில் பூசிய சிலிகான் பசை காய்ந்த பிறகு, கசிவு இருக்கிறதா என்று பார்க்க ஒரு காலையில் போனேன். கதவைத் திறந்தவர் தேன்மொழி. தலையில் ஈரத் துண்டு. பாத்ரூமில் கண்ணாடிக்கு வெளியே தரையைத் தொட்டுப் பார்த்தேன். காய்ந்திருந்தது.

“சார் எங்க?”

“ஆபீஸுக்குத் துரத்தி விட்டுட்டேன். அதுக்கப்புறந்தான் குளிச்சேன்.”

மூலைக்கு எந்த மாடல் பொருந்தும் என்பதை அளவு எடுத்தால் தெரிந்துகொள்ளலாம். உள்ளே போகிறவர் எதைப் பிடித்துக்கொண்டு போவார் என்பதை அவர் நடந்து காட்டினால்தான் தெரியும். இப்போது நான் கேட்லாக்கை அதற்குப் பிறகுதான் திறக்கிறேன்.