டீச்சர் வருவதற்கு அரை மணி முன்பு

நீளத் திருப்புளியின் நுனியை இன்ஜின் மேல் ஊன்றி, கைப்பிடியைக் காதுக்குப் பின்னால் இருக்கும் எலும்பில் அழுத்தி, கண்ணை மூடிக்கொண்டு சத்தம் கேட்கிறார் மெக்கானிக். அப்போது யாரும் பேசக் கூடாது. பக்கத்துக் கடை வெல்டர்கூட வேலையை நிறுத்திவிடுவார். அந்தத் தெருவில் மெக்கானிக்குக்குப் பெயரே 'காது'தான். மற்றவர்கள் கட்டிய இன்ஜினைக் கேட்டுவிட்டு, "இத மாட்டினவன் கை இங்க இருந்திருக்கு, கண்ணு ஊர் சுத்தப் போயிருக்கு" என்பார்.

போன வாரம் ஓய்வுபெற்ற டீச்சர் ஒருவரின் பழைய கார் இன்ஜினை முழுதாகப் பிரித்துக் கட்டினார். மறுநாளே வண்டி திரும்பி வந்தது.

"காலைல டொக் டொக்னு தட்டுது. சூடானா சத்தம் நின்னுடுது" என்றார் டீச்சர்.

"புதுசா கட்டினது, பழகணும் டீச்சர். ரெண்டு மூணு நாள் இங்கயே நிக்கட்டும். காலைல வந்து கேட்டுப் பாருங்க."

சொல்லும்போது தரையைப் பார்த்தார். அடுத்த விடியலில், ஆளில்லாத நேரமாகப் பார்த்து, ஆறிய இன்ஜினில் திருப்புளியை வைத்தார். இரண்டாவது பிஸ்டன். அதன் தலையிலுள்ள அம்புக்குறி முன்பக்கம் பார்க்க வேண்டும். இவர் பின்பக்கம் பார்க்க மாட்டியிருக்கிறார். மாட்டிய நேரத்தில், வந்திருந்த ஒருவரிடம் தன் காதின் பெருமையை அளந்துகொண்டிருந்தது நினைவுக்கு வந்தது.

அன்றிலிருந்து டீச்சர் வருவதற்கு அரை மணி முன்பே இன்ஜினை ஓடவிட்டு, தட்டாத அளவுக்குச் சூடாக்கி நிறுத்திவைக்கிறார். மாடியிலிருந்து மனைவி எட்டிப் பார்த்து, "என்னங்க, வண்டிக்கு வெந்நீர் வெச்சுக் குளிப்பாட்டுறீங்களா?" என்றாள். அவர் பானெட்டை இறக்கி மூடினார்.

மூன்றாம் நாள், ஸ்டார்ட் செய்யும் முன், காய்ச்சல் பார்ப்பதுபோல் டீச்சர் பானெட்டில் கை வைத்தார்.

"சுடுதே. நான் வர்றதுக்கு முன்னாடியே ஓட்டியாச்சா?"

"சும்மா... கொஞ்ச நேரம்."

"வாரம் ரெண்டு தடவ எங்க வீட்டுக்காரர இதுலதான் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறேன். நீங்க சரின்னு சொன்னா எடுத்துட்டுப் போறேன். எனக்கு வேற என்ன தெரியும்?"

திட்டியிருந்தால் சமாளித்திருப்பார். காதுமடல் எரிந்தது. பானெட்டைத் தூக்கி நிறுத்தினார், சீக்கிரம் ஆறட்டும் என்று. ஸ்டூல் ஒன்றைத் துடைத்துப் போட்டார். "உக்காருங்க டீச்சர். நேரமாகும்."

வெல்டர் சாப்பிடக் கிளம்பும்போதுதான் இன்ஜின் ஆறியது. ஸ்டார்ட் செய்தார். டொக், டொக். திருப்புளியின் நுனியை இரண்டாவது சிலிண்டர் மேல் ஊன்றினார். கைப்பிடியைத் தன் சட்டையில் அழுந்தத் துடைத்து, டீச்சரின் காதுப் பக்கமாக நீட்டினார்.