சத்தம் போட்டுக் குடிக்கும் வேலை

கல்லூரி முடித்து மூன்று வருடம் கழித்து, மகனுக்கு ஒன்றரை வயதானபோதுதான் எனக்கு முதல் வேலை கிடைத்தது. மலைமேல் எங்கள் வீட்டுப் பக்கமுள்ள ஒண்டிக்கடை நிறுத்தத்திலிருந்து பஸ்ஸில் இருபது நிமிடம் போனால் வரும் ஒரு காபி எஸ்டேட்டில், காபியைச் சுவைத்து ரகம் பிரிக்கும் அறையில் உதவியாளர். ஒரு மாதம் பழக வேண்டும். கடைசி நாளில் ஒரு சோதனை. தேறினால்தான் வேலை நிரந்தரம்.

கேட்க சுலபம்தான். கோப்பையில் காபித்தூளுக்கு வெந்நீர் ஊற்றி, மேலே மிதக்கும் தூளை விலக்கி, கரண்டியில் எடுத்து, வாயெல்லாம் தெறிக்கும்படி ‘சுர்ர்’ என்று உறிஞ்ச வேண்டும். பிறகு துப்பிவிட வேண்டும்.

என்னால் இரண்டுமே முடியவில்லை. சத்தம் போட்டுக் குடித்தால் தலையில் குட்டு விழுந்த வீட்டில் வளர்ந்தவள் நான். நாலு பேர் முன்னால் துப்புவதா? ஓசையில்லாமல் விழுங்கினேன். மதியத்துக்குள் நாலைந்து கோப்பை உள்ளே போயிருந்தது. இத்தனை காபி குடித்துவிட்டுத் தாய்ப்பால் கொடுக்கலாமா என்று போனில் தேடி, இன்னும் பயந்தேன்.

எனக்கு முன்பே அங்கே சேர்ந்திருந்த பெண் என்னைவிட இளையவள். சிரித்துவிட்டாள்.

“ஏனுங்க அக்கா, பொண்ணு பாக்க வந்தவங்க முன்னால குடிக்கிற மாதிரி குடிக்கிறீங்க! நல்லா இழுங்க.”

“ஓனர் நிக்கிறாருங்க...”

“அவரு உறிஞ்சினா வெளிய மேயற கோழியெல்லாம் ஓடுமுங்க. உங்களுக்கு என்னங்க வெக்கம்?”

அன்று முதல் வீட்டில் ரசத்தை உறிஞ்சிப் பழகினேன். மாமியார் கரண்டியோடு நின்று பார்த்தார்.

“காலேஜுல படிச்சதெல்லாம் இதுக்குத்தானா கண்ணு?”

“வேலைக்குங்க அத்தை.”

“அப்பச் சரியா உறிஞ்சு. எறும்பு தண்ணி குடிச்ச மாதிரி இருக்குது.”

பக்கத்தில் உட்கார்ந்திருந்த மகன் தன் கிண்ணத்தைத் தூக்கி ‘சுர்ர்ர்’ என்றான். என்னைவிட நன்றாகவே செய்தான். பிள்ளையைக் கெடுக்கிறேனோ என்று ஒரு வாரம் கவலைப்பட்டேன்.

சோதனையில் ஐந்து வரிசை, வரிசைக்கு மூன்று கோப்பை. இரண்டில் ஒரே காபி, ஒன்றில் வேறு. அந்த வேறு எது என்று தாளில் பென்சிலால் எழுத வேண்டும்; நான்கு வரிசையாவது சரியாக இருக்க வேண்டும். ஓனர் எதிரே நின்றார். கண்ணை மூடிக்கொண்டு உறிஞ்சினேன். அறையே கேட்டிருக்கும். காபி மூக்கின் பின்பக்கம் வரை ஏறியது. இரண்டு கோப்பையில் வெல்லப்பாகின் வாசம். ஒன்றில் ஆரஞ்சுத் தோல். இத்தனை நாள் விழுங்கியதில் இது தெரியவே இல்லை!

நான்காவது வரிசையில் எழுதியதைச் சந்தேகப்பட்டு அழித்து மாற்றினேன். ஐந்தாவதிலும் ரப்பரை எடுத்தேன். இன்னொரு முறை உறிஞ்சினேன். அதே கோப்பைதான் வேறாக இருந்தது. மாற்றுவதற்குப் பயத்தைத் தவிர வேறு காரணம் இல்லை. ரப்பரைக் கீழே வைத்தேன்.

ஓனர் தாளைத் திருத்தினார். “நாலு சரிங்க. தப்பான ஒண்ணுலயும் அழிக்கறதுக்கு முன்னால எழுதினது சரிதான். திங்கக்கிழமை வந்துருங்க. ரப்பர் வேண்டாம்.”

அந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு கல்யாண விருந்து. பாயசம் வந்ததும் மகன் ‘சுர்ர்ர்’ என்று இழுத்தான். பந்தியே திரும்பியது. அதட்ட வாயெடுத்தேன். அதற்குள் மாமியார் பக்கத்து இலைக்காரம்மாவிடம் நிமிர்ந்து சொன்னார்:

“அவங்கம்மா வேலைங்க அது. இப்பவே பழகறான்.”