சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம்

அம்மாவை வைத்தியத்துக்காக வேலூருக்கு அழைத்துச் செல்ல, ஸ்ரீரங்கத்தில் நாங்கள் அமர்த்திய வாடகைக் காரின் டிரைவர் அவர். சலவைச் சட்டையும் நெற்றி நிறையக் குங்குமமுமாக வந்தவர், புறப்படுமுன் ஒவ்வொரு சக்கரத்தின் முன்னும் குனிந்து எலுமிச்சம்பழம் வைத்தார்.

“முன் டயர் வழவழன்னு தேஞ்சிருக்கே?” என்றேன்.

“காலேஜ்ல டயர் பாடமும் உண்டா, பாப்பா? ஆத்தா பாத்துக்குவா, ஏறுங்க!”

சமயபுரம் தாண்டியதும் அந்த டயரே வெடித்தது. கார் புளியமரத்தில் மோதி நின்றது. அம்மாவின் நெற்றியில் இரத்தம் வழிந்தது.

“பாத்தீங்களா, ஆத்தா உயிரைக் காப்பாத்திட்டா!” என்றார் அவர். அம்மாவும் அவரோடு சேர்ந்து கைகூப்பினாள். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

அந்தக் கோபம் இன்னும் தணியவில்லை. டயருக்கு அத்தனை அருகில் குனிந்தவர், நான் சொன்ன பிறகும் அதை ஒருமுறை திரும்பிப் பார்க்கவில்லையே!