தீவுப் பாட்டுகளின் கடைசி மூன்று நிமிடம்

பரந்தனில் ஏறிய பஸ்ஸில், பூநகரி வரைக்கும் ஒரே தீவுப் பாட்டுத்தான். சாரதித் தம்பியின் பென்ட்ரைவில் யாரோ சேர்த்துக் கொடுத்த தொகுப்பாம். எல்லாப் பாட்டிலும் தீவில் இரண்டே பேர், ஒரு நிலவு, கொஞ்சம் தென்னை. குடிக்கத் தண்ணீர் எங்கே, அவசரத்துக்கு வள்ளம் வருமா என்று ஒருவரும் கேட்பதில்லை. முதலில் சிரித்தேன். மூன்றாவது பாட்டுக்குள் இருப்புக்கொள்ளவில்லை. கால் தானாக ஆடத் தொடங்கிவிட்டது. ரசனை என்று நினைத்துவிடாதீர்கள். பாட்டுக் கேட்டால் கால் மிதிக்கும், அது என் பழைய வேலையின் குணம்.

சண்டைக் காலத்தில், பரந்தன் சந்திக்குக் கிட்ட ஒரு ரெக்கோடிங் பாரில் வேலை செய்தேன். பார் என்றதும் போத்தலைத் தேடாதீர்கள். வெற்றுக் கசெற்றையும் பிடித்த பாட்டுகளின் பட்டியலையும் கொடுத்தால் பதிந்து தரும் கடை. கரண்ட் இல்லை. பற்றரியை ஆமிக்காரர் வவுனியாவுக்கு இங்கால் விடமாட்டார்கள். அதனால் சைக்கிளை ஸ்டாண்டில் தூக்கி நிறுத்தி நான் ஏறி மிதிப்பேன். டைனமோவிலிருந்து இரட்டைக் கசெற் பெட்டி ஓடும். செயினுக்கு விடத் தேங்காயெண்ணெய்தான். சூடேறிய அந்த எண்ணெய் மணம் எங்கேனும் வந்தால் இப்போதும் எனக்கு மூச்சு வாங்கும்.

அந்த மணத்தோடுதான் மரியறோஸ் அக்கா நினைவுக்கு வருவா. முல்லைத்தீவுக் கரையிலிருந்து இடம்பெயர்ந்து வந்திருந்தவா. அவாவுக்குக் கலியாணம் பேசி வைத்திருந்த அன்ரன் அண்ணை வெளிநாடு போய் நாலு வருசம். ஒருநாள் பட்டியலோடு வந்தா. பன்னிரண்டு பாட்டு, எல்லாம் தீவுப் பாட்டு. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"என்னக்கா, தீவில குடியேறப் போறியளோ?"

"அவர் கிழிஞ்ச வலை பொத்தேக்க உதுகளைத்தான் பாடுறவர். கலியாணம் முடிச்சு ஒரு தீவுக்குப் போவமாம். தீவில நல்ல தண்ணி இல்லையெண்டு எனக்குத் தெரியாதே? எண்டாலும் பதியடி."

கடைசியில் கசெற்றில் மூன்று நிமிட இடம் மிஞ்சியது. அதில் தான் கதைக்கவேண்டும் என்றா. மைக்கைக் கொடுத்தேன். சைக்கிள் செயின் கிறீச்சிடும். அந்தச் சத்தம் அக்காவின் குரலுக்குள் போய்விடக்கூடாது என்று மெல்ல, மிக மெல்ல மிதித்தேன். என் கெட்டித்தனத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

அக்கா கண்ணை மூடிக்கொண்டு சொன்னா: "நீங்கள் வாறீங்களோ, நான் அங்கை வரவோ? ஒரு சொல் எழுதுங்கோ. வேண்டாமெண்டாலும் எழுதுங்கோ, நான் கோவிக்கமாட்டன்."

அதே மெதுவில் மிதித்து ஒருதரம் போட்டுக் கேட்டோம். குரல் அப்படியே அவாவின் குரல். கொழும்புக்குப் போன ஒருவரிடம், அங்கிருந்து அவருக்கு அனுப்பச் சொல்லி, அன்றைக்கே கசெற்றைக் கொடுத்துவிட்டா.

ஏழு மாதம் கழித்துப் பதில் வந்தது. அக்கா கடைக்குக் கொண்டுவந்து காட்டினா. 'பாட்டுகள் கிடைத்தன. கடைசிப் பகிடிக்கு என்னோடு அறையில் இருக்கிறவர்கள் எல்லாரும் நல்லாகச் சிரித்தோம்.' அவ்வளவுதான். இன்னொருதரம் எழுதிக் கேளுங்கோ என்று கெஞ்சினேன்.

"ஒருக்காக் கேட்டிட்டன். இனிக் கேக்கமாட்டன்," என்றா. அவா பிறகு ஒருவரையும் கலியாணம் முடிக்கவில்லை. கடைசிச் சண்டையில் செல்லடி பட்டுச் செத்துப்போனா. நான் அந்த மனுசனை அத்தனை வருசமும் மனதுக்குள் திட்டித் தீர்த்தேன்.

போன ஆவணியில் அதே மனுசன் என் வீட்டு வாசலில் வந்து நின்றார். தலை முழுக்க நரைத்திருந்தது. கசெற் பதிந்த பிள்ளை நான்தான் என்று அக்காவின் தங்கச்சி சொல்லியிருக்கிறா. முகத்தை நீட்டிக்கொண்டுதான் கதிரையைக் காட்டினேன்.

"பாட்டெல்லாம் வடிவாக் கேட்டுது தங்கச்சி. கடைசியில மட்டும் ஒரு சின்னப்பிள்ளை கீச்சிடுற மாதிரி. ஒரு சொல்லும் விளங்கேல்லை. பகிடிக்கு ஆரோ பிள்ளையைக் கதைக்க விட்டிருக்கிறா எண்டு நினைச்சன்."

எனக்கு அப்போதுதான் விளங்கியது. பாட்டுப் பதியும்போது இரண்டு கசெற்றும் ஒரே வேகத்தில் ஓடும். எப்படி மிதித்தாலும் பிழை வராது. மைக்கில் பதியும் குரல் அப்படியில்லை, மிதிக்கிற வேகத்தில்தான் பதியும். நான் மெல்ல மிதித்துப் பதிந்ததை அங்கே முழுக் கரண்டில் போட்டிருக்கிறார்கள். அக்காவின் கேள்வி கீச்சுச் சத்தமாக ஓடி முடிந்திருக்கிறது. மெல்ல மிதித்தது நான்தான்.

"அது அவாதான் கதைச்சவா எண்டு தங்கச்சிக்காரி இப்பதான் சொன்னா. நீங்கள் பக்கத்தில நிண்டனீங்கள்தானே. அவா என்ன சொன்னவா?"

உண்மையைச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அவர் கதிரையின் நுனிக்கு வந்து என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சுகமா இருக்கிறன், கவலைப்படாதேங்கோ எண்டு சொன்னவா."

"அப்பிடித்தான் இருக்குமெண்டு நினைச்சனான்," என்று பெருமூச்சு விட்டார். தேத்தண்ணியைக் குடித்துவிட்டுப் போனார்.

கடை இருந்த இடத்தில் இப்போது ஃபோன் திருத்துகிறார்கள். அந்தக் கசெற்றை அவர் அறை மாறும்போது எங்கோ விட்டுவிட்டாராம். அவர் வந்துபோன அன்றிலிருந்து எனக்கு நித்திரை சரியில்லை. அவருக்காவது ஒருநாள் உண்மையைச் சொல்லிவிடலாம். "அக்கா, நீங்கள் கேட்டது அவருக்குக் கேக்கவே இல்லை" என்று சொல்லத்தான் ஆளில்லை.