ஏலத்தில் யாரும் கேட்காத மோட்டர்

வரி கட்டமாட்டோம் என்று நாங்கள் ஒருநாளும் சொன்னதில்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு யாரும் என்னிடம் சட்டம் பேச வரவேண்டாம்.

மாத்தளை மாவட்டத்தில் ஒரு சின்ன பஜாரில் எனக்கும் என் வீட்டுக்காரருக்கும் மிளகாய் அரைக்கிற மில் இருந்தது. மில் என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். ஓர் அறை, அரைக்கிற மெசின் ஒன்று, அதை ஓட்ட ஒரு மோட்டர், பின்னால் மிளகாயும் மல்லியும் காயப்போட ஒரு முற்றம். அவ்வளவுதான். தோட்டத்துச் சனங்களும், பஜாரில் இருந்த முஸ்லிம் வீட்டாரும், சுற்றியிருந்த சிங்களக் கிராமத்து ஆட்களும் எங்களிடம்தான் தூள் அரைத்தார்கள். வருசப் பிறப்பு, நோன்பு, தீபாவளி என்று வந்தால் தும்மல் சத்தத்தில் கடையே அதிரும்.

வினை ஆரம்பித்தது அந்த முற்றத்தில்தான். மண்தரையில் காயப்போட்டால் தூளில் மண் கடிபடுகிறது என்று ஆட்கள் முணுமுணுத்தார்கள். சரி என்று சீமெந்து போட்டோம். அடுத்த தடவை வரி மதிப்பீட்டுக்கு வந்த உள்ளூராட்சிச் சபை அதிகாரி நாடாவைப் பிடித்து அதையும் அளந்தார். கூரையே இல்லாத முற்றம் கட்டடத்தோடு சேர்ந்துவிட்டது. மோட்டர் ஓடுகிறதாம், அதனால் எங்கள் கடை தொழிற்சாலையாம். கட்டடத்துக்கு சபை போடுகிற சோலைவரி ஒரேயடியாக ஏறிப்போனது.

"மாத்தையா, மேல பாருங்க, வானந்தான் இருக்கு. வானத்துக்கும் சேத்தா வரி போடுறீங்க?" என்று கேட்டேன்.

அவர் சிரித்தார். என் வீட்டுக்காரர் என் கையைப் பிடித்து, "விடு, கட்டிருவோம்" என்றார். அவர் அப்படித்தான். தலையில் கல் விழுந்தாலும் கட்டிருவோம் என்பார்.

நாள் நன்றாக இருந்திருந்தால் எப்படியோ கட்டியிருப்போம். ஆனால் அது எண்பத்தெட்டு, எண்பத்தொன்பது. கடையைப் பூட்டு என்று காலையில் கதவிடுக்கில் கிளர்ச்சிக்காரர்களின் துண்டுச் சீட்டு கிடக்கும். பூட்டினால் பட்டாளம் வந்து திற என்று கதவை உடைக்காத குறையாகத் தட்டும். திறந்தவனும் பயந்தான், பூட்டியவனும் பயந்தான். இதற்கு நடுவில் கரண்ட் போய்விட்டால் வாரக்கணக்கில் வராது. கரண்ட் இல்லாத மில்லில் ஈ ஓட்டலாம், தூள் அரைக்க முடியாது. ஆனால் சபையின் வரிச் சீட்டு மட்டும் காலாண்டு தவறாமல் வந்து சேர்ந்தது. தபால்காரரே வராத நாட்களில் அது எப்படித்தான் வந்ததோ, அந்தோனியாருக்குத்தான் வெளிச்சம்.

நான் சபைக் கந்தோருக்கு நடையாய் நடந்தேன். "கட பூட்டியிருந்த மாசத்துக்காவது கழிச்சு விடுங்க" என்று கெஞ்சினேன். வரி வருமானத்துக்காகப் போடுவதில்லை, கட்டடத்துக்காகப் போடுவது என்று சிங்களத்தில் விளங்கப்படுத்தினார்கள். சுவர் நிற்கிற மட்டும் வரி நிற்குமாம். விளங்காமலா நான் அங்கே நின்றேன்? நன்றாகவே விளங்கியது. விளங்கினால் காசு வந்துவிடுமா?

கடைசியில் ஒருநாள் வாரண்டோடு சபை லொறி வந்தது. மெசின் தரையோடு சேர்த்துப் பூட்டியிருந்ததால் மோட்டரைக் கழற்றினார்கள். பெல்ட் அறுந்த பாம்பு மாதிரி கீழே கிடந்தது. மோட்டரைத் தூக்கிக்கொண்டு போகிறபோது என் வீட்டுக்காரர், "பாத்துப் புடிங்க, வயர் அடிபடும்" என்று அவர்களுக்கே உதவி செய்தார். எனக்கு அவரை அடிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

ஏலம் என்று அறிவித்தல் ஒட்டினார்கள். எங்கள் கடைக்கு எதிரே பலசரக்குக் கடை வைத்திருந்த முஸ்லிம் முதலாளியை நாங்கள் நானா என்போம். அவர் பஜார் முழுக்க ஒரு சொல் சொல்லி வைத்தார்: அந்த மோட்டரை யாரும் கேட்கக்கூடாது. ஏல நாளில் சபை வளவில் பஜாரே கூடிவிட்டது. சிங்களப் பேக்கரிக்காரர் அடுப்பை அணைத்துவிட்டு வந்து முன்வரிசையில் கைகட்டி நின்றார். அதிகாரி விலை கூப்பிட்டார். பதில் இல்லை. விலையைக் குறைத்தார், இன்னும் குறைத்தார். யாரும் இருமக்கூட இல்லை. நான் சேலைத் தலைப்பை வாயில் வைத்து அழுதேன். நமக்கென்று இவ்வளவு சனம் இருக்கிறதே என்ற சந்தோச அழுகை அது.

யாரும் கேட்காவிட்டால் மோட்டர் திரும்பி வரும் என்று நினைத்தோம். நாங்கள் மட்டுமல்ல, பஜாரே அப்படித்தான் நினைத்தது. என்ன மடத்தனம்! விற்காத சாமான் சபையில் கிடக்கும், கடன் அப்படியே நிற்கும், அடுத்த ஏலம் வரும். இதுதான் நடைமுறை என்று அதிகாரி அமைதியாகச் சொன்னார். மோட்டர் கந்தோர் விறாந்தையில் மழைச்சாரல் படுகிற மூலையில் கிடந்தது. மோட்டர் இல்லாததால் சம்பாத்தியம் இல்லை. சம்பாத்தியம் இல்லாததால் வரி கட்ட வழியில்லை. வரி கட்டாததால் மோட்டர் வராது. இப்படியிருக்க அடுத்த காலாண்டுச் சீட்டிலும் நாங்கள் தொழிற்சாலைதான். ஒரு சக்கரமும் சுற்றாத தொழிற்சாலை!

இரண்டாவது ஏலத்துக்குத் தேதி வைத்ததும் நானாவின் கடைக்குப் போனேன்.

"நானா, இந்தவாட்டி நீங்களே கேட்டு எடுத்துருங்க. குறஞ்ச வெலைக்குப் போகும். நாங்க மில்ல ஓட்டி உங்களுக்குத் தவணையில தந்துருறோம்."

அவர் பருப்புச் சாக்கை மடித்துக்கொண்டே தலையாட்டினார். "ஏலாது தங்கச்சி. அரிசி பருப்பு என்ன வேணும்னாலும் கொண்டுபோங்க, கணக்கே எழுதமாட்டேன். ஏலத்துல மட்டும் வாய் தொறக்கேலா."

"ஏன் நானா?"

"நானும் வரி கட்டல்ல, பேக்கரியும் கட்டல்ல. இந்தப் பஜார்ல யாரு கட்டீக்கிற? சாமானத் தூக்கினா விக்காதுன்னு சபைக்கு இப்பதான் விளங்கீக்கிது. அதுக்குப் பொறகு லொறி வந்திச்சா, செல்லுங்க? உங்கட மோட்டரு வித்துப்போச்சுன்னா அடுத்தது என்ட தராசு."

அவர் பொய் சொல்லவில்லை. அவர் கெட்ட மனிதரும் இல்லை. அந்த மாதம் எங்கள் வீட்டில் அடுப்பு எரிந்தது அவர் அரிசியில்தான். ஆனால் எங்கள் மோட்டர் விற்காமல் கிடக்கிறவரைதான் பஜார் தப்பும். அவர்கள் தராசும் பிரிட்ஜும் பத்திரமாக இருக்க வேண்டுமென்றால் எங்கள் மோட்டர் மழையில் துருப்பிடிக்க வேண்டும். என்மேல் காட்டிய அன்புக்குள்ளே இந்தக் கணக்கும் இருந்தது என்று அன்றுதான் எனக்கு உறைத்தது. யாரைத் திட்டுவது? திட்டுவதற்கு நாடா பிடித்து வானத்தை அளந்த அந்த மனிதன்தான் இருந்தான், அவனும் மாற்றலாகிப் போய்விட்டான்.

வீட்டுக்கு வந்து தோட்டைக் கழற்றினேன். வீட்டுக்காரர், "என்ன செய்யப் போற?" என்றார். "ஒங்களமாதிரி கட்டிருவோம் கட்டிருவோம்னு சொல்லிக்கிட்டு இருக்கப் போறதில்ல" என்றேன். தோட்டை விற்ற காசு முழுக் கடனுக்குக் காணாது. அந்தக் காசோடு முதலில் கந்தோருக்குத்தான் போய், காலில் விழாத குறையாகக் கெஞ்சினேன். பாக்கியையும் வாரண்ட் செலவையும் முழுதாகக் கட்டினால்தான் மோட்டர் கிடைக்கும் என்றார்கள். ஏலத்தில் குறைத்துக் கூப்பிடுகிற விலைக்கோ அது போதும்.

இரண்டாவது ஏலத்துக்கும் எல்லோரும் வந்தார்கள். அதே கைகட்டு, அதே மௌனம். நானா என்னைப் பார்த்து, பயப்படாதே என்பதுபோலத் தலையசைத்தார். அதிகாரி விலையைக் குறைத்துக் குறைத்து வந்தார். என் முந்தானை முடிச்சில் இருந்த காசுக்குக் கீழே விலை இறங்கியதும் நான் கையைத் தூக்கினேன்.

"நா எடுக்கிறேன்."

அதிகாரி பக்கத்தில் கணக்கு எழுதிக்கொண்டிருந்த எழுதுவினைஞரைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். "நீங்களா கேட்கிறீர்கள்?" என்று சிங்களத்தில் கேட்டார்.

"ஏன், என் காசு சபைக்கு ஆகாதா?" என்று அதே பாசையில் திருப்பிக் கேட்டேன். ஆகும்தானே. ஆனது. மிச்சக் கடனைத் தவணையில் கட்ட ஒத்துக்கொண்டு கையெழுத்துப் போட்டோம். மோட்டரை ஒரு கைவண்டியில் ஏற்றி நானும் அவரும் தள்ளிக்கொண்டு வந்தோம். பஜாரில் ஒருவரும் வண்டிக்குக் கைகொடுக்கவில்லை.

மோட்டரைக் காயவைத்துப் பூட்டியதும் ஓடியது. மிளகாய் வந்தது, மல்லி வந்தது. எனக்கு அதில் வெட்கமில்லை. என் பிள்ளைகளின் சோறு அது, என் சாமான் அது, என் தோட்டைப் போட்டு எடுத்தது. யாரும் கேட்டால் இன்றைக்கும் இதைத்தான் சொல்வேன்.

ஒரு மாதம் போகவில்லை, சபை லொறி மறுபடியும் பஜாருக்குள் வந்தது. நானாவின் கடையில் நின்றது. அவருடைய பெரிய தராசைத் தூக்கி ஏற்றினார்கள். நான் மில்லை நிறுத்திவிட்டு வாசலில் நின்றேன். அவர் என் பக்கம் திரும்பவில்லை.

அவருடைய ஏலத்துக்கு நானும் போனேன். போகாமல் எப்படி? எல்லோரும் வந்திருந்தார்கள், நானும் அவர்களோடு கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். அதிகாரி முதல் விலையைக் கூப்பிட்டார். குறைக்க வேண்டிய தேவையே வரவில்லை. பேக்கரிக்காரர் கையைத் தூக்கினார். நானா அவரைப் பார்க்கவில்லை. அவ்வளவு கூட்டத்திலும் தலையைத் திருப்பித் திருப்பி என்னைத் தேடினார்.