கோபுரம் தெரிகிற வயல்

வீரமலைக்குச் சொந்த நிலம் ஒரு சாண் கிடையாது. ஸ்ரீரங்கத்துக்குக் கிழக்கே, கொள்ளிடக் கரையில் யார் வயலில் உழவென்றாலும் அவன் ஜோடிதான் இறங்கும். மயிலை வலத்தில், செவலை இடத்தில். அந்த இரண்டு மாடும் நிற்கிறவரைதான் அவனுக்கு ஊரில் மரியாதை. அது அவனுக்கும் தெரியும், ஊருக்கும் தெரியும்.

ஐம்பத்தேழாம் வருஷம் கொழும்புத் திட்டத்தில் ஒரு டிராக்டர் வந்து சேர்ந்தது. பல தேசங்கள் ஒன்றுகூடி நம் தேசத்துக்குக் கை கொடுக்கின்றன என்று பேச்சு. கொடுத்தவர்கள் நேரில் பார்க்க வருகிறார்கள் என்றதும் விவசாய அதிகாரி ரெங்கராஜ் வயல் தேடிக் கிளம்பினார். மருங்காபுரிப் பக்கம் புன்செய் எவ்வளவோ கிடந்தது. அவருக்குப் பிடித்ததோ, போட்டோவில் வெள்ளைக் கோபுரம் பின்னால் விழுகிற இந்த நன்செய். வறண்டு கிடந்தால் பார்வைக்கு நன்றாயிராது என்று முதல் நாளே வாய்க்காலையும் திறந்துவிடச் சொன்னார்.

டிரைவர் ஜமால் சேற்றைக் காலால் அழுத்திப் பார்த்தான்.

"சார், இது காஞ்ச நெலத்துக்கு வந்த வண்டிங்க. இதுல எறங்கினா ஏறாது."

"காஞ்ச நெலத்துல கோபுரம் இருக்காய்யா? எறக்கு."

முதலில் வீரமலையை ஜோடியோடு டிராக்டர் பக்கத்தில் நிறுத்திப் படம் எடுத்தார்கள். சிரிக்கச் சொன்னார்கள், சிரித்தான். அப்புறம் வண்டி இறங்கியது. பத்து முழம் போய் அச்சு வரைக்கும் புதைந்தது. பார்க்க வந்த வெளிநாட்டுக்காரர்கள் அப்போது தென்னந்தோப்பில் இளநீர் குடித்துக்கொண்டிருந்தார்கள்.

"ஒன் மாட்டைப் பூட்டி இழு" என்றார் ரெங்கராஜ்.

"நாலு ஜோடியாவது வேணுங்க. இது மாடு, யானை இல்லீங்க."

"அவங்க எளநி குடிச்சு முடிக்கறதுக்குள்ள வண்டி மேல நிக்கணும். இல்லேன்னா நீ இந்தப் பக்கம் எப்படி ஏர் பூட்டறேன்னு பாத்துடறேன்."

வண்டியின் பின்பக்கம் பூட்டினான். பியூன் இரண்டு பேர் வாலை முறுக்கினார்கள். மாடுகள் முட்டி போட்டு இழுத்தன. வண்டி ஒரு குலுங்கு குலுங்கி மேலே ஏறவும், சக்கரம் தோண்டிய பள்ளத்தில் மயிலையின் முன்னங்கால் மாட்டவும் சரியாக இருந்தது. எலும்பு முறிந்த சத்தம் வரப்பு வரைக்கும் கேட்டது.

"வைக்கோலைப் போட்டு மூடுங்கய்யா, வர்றாங்க" என்றார் ரெங்கராஜ்.

உயிரோடு மூடினார்கள். வெளிநாட்டு அம்மாள் ஒருத்தி அந்தக் குவியலைக் காட்டி என்னவோ கேட்டாள். ரெங்கராஜ் இங்கிலீஷில் பதில் சொன்னார். "எருக்குவியல்னு சொல்றாரு" என்று ஜமால் முணுமுணுத்தான். வைக்கோல் ஏறி ஏறி இறங்கியது. அதன் பக்கத்தில் வீரமலை கையைக் கட்டிக்கொண்டு நின்றான். கார்கள் போனபிறகு வைக்கோலை விலக்கினான். பொழுது சாய்வதற்குள் மயிலை செத்தது.

மாட்டுக்கு மாடு கொடுங்கள் என்று ஒரு மாதம் திருச்சிக்கு நடந்தான். கடைசியில் ஒருநாள் ரெங்கராஜ் அந்த போட்டோவை எடுத்து மேஜையில் போட்டார்.

"ரெண்டு மாடும் நிக்குது. நீயும் பல்லைக் காட்டிக்கிட்டு நிக்கிற. எது செத்துச்சு?"

"அது முன்னாடி எடுத்த படங்க."

"மாடு செத்துச்சுன்னு நான் எழுதினா அடுத்த டிராக்டர் தஞ்சாவூருக்குப் போயிடும். ஒரு மாட்டுக்காக ஜில்லாவைக் கெடுக்கச் சொல்றியா? போய்யா."

எட்டு வருஷம் இடப்பக்கமே இழுத்துப் பழகிய செவலை, வேறு மாட்டோடு பூட்டினால் படுத்துக்கொண்டது. அடித்தும் எழுந்திருக்கவில்லை. பெண்டாட்டி மாரியாயி, "அதுக்குத் தீனி போட்டா நமக்குக் கஞ்சி இல்ல" என்றாள். மணப்பாறைச் சந்தைக்கு ஓட்டிப் போனான். வந்தவர்களெல்லாம் ஜோடி எங்கே என்று கேட்டுவிட்டு நகர்ந்தார்கள். மத்தியானத்துக்கு மேல் ஒருவன் வந்தான். அவன் பல்லைப் பிடித்துப் பார்க்கவில்லை, நடக்கவிட்டும் பார்க்கவில்லை. முதுகுச் சதையைக் கிள்ளிப் பார்த்து விலை சொன்னான்.

மாட்டை விற்றாலும் கயிற்றை விற்கக்கூடாது, கையோடு வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டும் என்பது வழக்கம்.

"கயித்த அவுத்துக்க" என்றான் வாங்கியவன்.

"இருக்கட்டும். இனிமே எதைக் கட்டப் போறேன்."

அவன் அந்தக் கயிற்று நுனியாலேயே செவலையின் மூஞ்சியில் ஒன்று போட்டு லாரிக்கு இழுத்துப் போனான். மறுவாரம் வீரமலை லால்குடி அரிசி மில்லில் மூட்டை தூக்கப் போனான். பதினொரு வருஷம், இடுப்பு விட்டுப்போகிறவரைக்கும் தூக்கினான்.